கடலை நோக்கிய பீரங்கிகள்: திருகோணமலைக் கோட்டையும் துறைமுகமும்

திருகோணமலையில் போர்ச்சுகீசியர் கோட்டை கட்டியது 1624-இல். அதன் பிறகு அந்தக் கோட்டை போரில் நான்கு முறை கைமாறியது: 1639-இல் டச்சுக்காரருக்கு, 1782 ஜனவரியில் ஆங்கிலேயருக்கு, அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரருக்கு, 1795-இல் மறுபடியும் ஆங்கிலேயருக்கு. நான்கு முறையும் எதிரி வந்தது கடல் வழியாக. நான்கு முறையும் கோட்டை விழுந்தது தரைப்பக்கத்தில். ஐந்தாவது தாக்குதல் 1942-இல் வானத்திலிருந்து வந்தது.

கடற்கோட்டை என்றதும் கொத்தளத்தில் வரிசையாக நிற்கும் பீரங்கிகளும், அவற்றுக்கு அஞ்சி விலகிப்போகும் பகைக் கப்பல்களும் நம் கண்முன் வருகின்றன. திருகோணமலையின் வரலாறு அந்தப் படத்தோடு பொருந்துவதில்லை. அங்கே துறைமுகத்தைக் காத்தது எப்போதும் கப்பற்படைதான். படை அருகில் இருந்தவரை கோட்டைக்கு வேலை வரவில்லை. படை விலகிய நாட்களில் கோட்டையால் தன்னையே காத்துக்கொள்ள முடியவில்லை. முந்நூறு ஆண்டுகள் மாறிமாறி வந்த நான்கு ஐரோப்பிய அரசுகள் இதை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கற்றன என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் ஒரு கேள்வி. ஒரு சிறு ஊருக்காக இத்தனை பேர் ஏன் இத்தனை முறை போரிட்டார்கள்?

விடை நம் சோழமண்டலக் கரையில் இருக்கிறது. பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினம் வரையிலான நீண்ட கரையில், பெரிய பாய்மரக் கப்பல் காற்றுக்கும் அலைக்கும் ஒதுங்கி நிற்க இயற்கையான துறைமுகம் ஒன்றுகூட இல்லை. சென்னை, புதுச்சேரி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம் எல்லாமே திறந்த கடலில் நங்கூரம் போட்டு, அலையைத் தாண்டிவரும் மசூலாப் படகுகளில் சரக்கையும் ஆட்களையும் இறக்கிய ஊர்கள். ஐப்பசியில் வாடைக்காற்று எழுந்துவிட்டால் அந்தக் கரையில் நிற்பது கப்பலுக்கு உயிராபத்து. அக்டோபர் நடுவில் ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் சென்னையை விட்டுக் கிளம்பி, குமரிமுனையைச் சுற்றிப் பம்பாய்க்குப் போய்விடும். அவை திரும்பிவரச் சில மாதங்கள் ஆகும். அத்தனை மாதங்களும் கிழக்குக் கரை காவலின்றிக் கிடக்கும். சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் கட்டும் வேலை தொடங்கியதே 1870-களில்தான். எழும்பிக்கொண்டிருந்த அலைதடுப்புச் சுவர்களையும் 1881 நவம்பர்ப் புயல் உடைத்துப்போட்டது.

இந்தப் பின்னணியில் திருகோணமலையைப் பாருங்கள். மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடா. அதன் வடபுறத்தில் குறுகிய வாய் ஒன்று. வாயைத் தாண்டினால் மலைகளும் தீவுகளும் சூழ்ந்த உள்துறைமுகம். கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைவரை நீண்டு வருவதால் நீர் மிக ஆழமானது. எந்தக் காற்றிலும் எந்த மாதத்திலும் கப்பல் உள்ளே நிற்கலாம், பாய்மரத்தைக் கழற்றிச் செப்பனிடலாம். வாடைக்காலத்தில் இங்கே தங்கும் கடற்படை, காற்று தணிந்ததும் பம்பாயிலிருந்து வரும் எதிரிக்கு முன்பே சோழமண்டலக் கரையை எட்டிவிடும். திருகோணமலை யார் கையில் இருக்கிறதோ அவருக்கே வங்கக் கடலில் முந்தும் வாய்ப்பு. 18-ஆம் நூற்றாண்டின் போர்த்தலைவர்கள் எல்லோரும் இதை அறிந்திருந்தார்கள்.

கோட்டை நிற்கும் இடம் அதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே புகழ்பெற்றது. கோணமாமலையைத் திருஞானசம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டில் பதிகம் பாடிப் போற்றினார். கடலுக்குள் நீண்டு செங்குத்தாக எழும் அந்தப் பாறையின்மேல் கோணேசர் கோயில் இருந்தது. 1620-களில் போர்ச்சுகீசியத் தளபதி கான்ஸ்டண்டினோ டி சா அதை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையை எழுப்பினார். டேனிஷ்காரர்கள் அந்தத் துறையில் காலூன்றிவிடுவார்கள் என்ற அச்சம் அவசரத்துக்கு ஒரு காரணம். தென்னாட்டிலும் ஈழத்திலும் கோயில்கள் பல இடிந்திருக்கின்றன. ஆனால் கோயிலே கோட்டைச் சுவராக மாற்றப்பட்டு, பின்வந்த ஒவ்வோர் அரசின் படையாளும் அந்தக் கற்களுக்கு நடுவே காவல் நின்ற இடம் இது. கோட்டை வாசலின் நிலைக்கல்லில் இன்றும் இரட்டை மீன் சின்னமும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டொன்றும் தெரிகின்றன. மன்னன் குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பரங்கியர் பின்னாளில் அழிப்பார்கள் என்று சொல்லும் கல்வெட்டாக மக்கள் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். சோடகங்கன் என்பவரின் பெயர் சொல்லும் 13-ஆம் நூற்றாண்டு வடமொழிக் கல்வெட்டும் இதே கோட்டையில்தான் கிடைத்தது. வாசலைக் கட்டியவர்களுக்கு அவை வெறும் கற்கள்.

இடத்தேர்வில் ஒரு சிக்கலும் இருந்தது. கோணேசர் மலை ஊருக்குக் கிழக்கே, இரு குடாக்களுக்கு நடுவே நிற்கிறது. உள்துறைமுகத்தின் வாய் அதற்குத் தெற்கே தள்ளி இருக்கிறது. மலைமேல் நிற்கும் பீரங்கி திறந்த கடலையும் குடாக்களையும் பார்க்குமே தவிர, துறைமுக வாயை அடைக்காது. இதை உணர்ந்த டச்சுக்காரர்கள், வாயையொட்டிய முனையில் ஓஸ்டன்பர்க் என்ற இரண்டாவது கோட்டையைக் கட்டினார்கள். ஒரு துறைமுகத்துக்கு இரு கோட்டைகள். இரண்டுக்கும் இடையே காடும் மேடும். ஒன்று விழுந்தால் மற்றதைத் தரைவழியே நெருங்கிவிடலாம்.

1639-இல் டச்சுக் கப்பல்களோடு வந்த அந்தோனி கான், படையைக் கரையிறக்கி, தரையில் பீரங்கி மேடை அமைத்துச் சுவரைத் தகர்த்தார். அன்று கண்டி அரசரோடு இருந்த ஒப்பந்தப்படி கோட்டை இடிக்கப்பட்டது. பிறகு ஆங்கிலேயர் மீதான அச்சத்தில், 1665-இல் டச்சுக்காரர் திரும்பிவந்து மறுபடியும் கட்டினார்கள். 1672-இல் தெலாஹே என்ற பிரெஞ்சுத் தளபதி பெரிய கப்பற்படையோடு கொட்டியாரக் குடாவுக்குள் நுழைந்து, இரண்டாம் இராஜசிங்கனோடு உறவும் கொண்டார். டச்சுப் படை வந்து அவருடைய ஆட்களை வெளியேற்றியது. அதற்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் பெரிய போர் இல்லை.

1782 வேறு மாதிரியான ஆண்டு. அமெரிக்க விடுதலைப் போர் இந்தியக் கடலுக்கும் பரவியிருந்தது. டச்சுக்காரரும் ஆங்கிலேயருக்குப் பகைவர்களாகியிருந்தார்கள். தமிழகத்தில் ஹைதர் அலியின் படை ஆங்கிலேயரை அலைக்கழித்துக்கொண்டிருந்தது. 1781 நவம்பரில் நாகப்பட்டினத்தை டச்சுக்காரரிடமிருந்து பறித்த ஆங்கிலேய அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ், ஜனவரி தொடக்கத்தில் அங்கிருந்தே திருகோணமலைக்குப் பாய் விரித்தார். கரையிறங்கிய படை கோணேசர் மலைக் கோட்டையைப் பெரிய எதிர்ப்பின்றிப் பிடித்தது. ஓஸ்டன்பர்க்கை மேட்டுப்பக்கமிருந்து நெருங்கி, ஜனவரி 11 அன்று ஏறிப் பிடித்தது. கடலை நோக்கி நின்ற டச்சுப் பீரங்கிகள் போரின் போக்கை மாற்றவில்லை.

பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அப்போது மொரீஷியஸிலிருந்து வந்துகொண்டிருந்தார். அவருக்கு இந்தக் கடலில் ஒதுங்கத் துறைமுகமே கிடையாது. புதுச்சேரியும் திறந்த கரைதான். அந்த ஆண்டில் ஹியூஸும் சுஃப்ரெனும் மோதிய இடங்களை வரிசைப்படுத்தினால் நம் கடற்கரையின் வரைபடம் கிடைக்கும்: பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினம், ஏப்ரலில் திருகோணமலை அருகே புரோவிடியன் பாறை, ஜூலையில் நாகப்பட்டினம். ஒவ்வொரு போருக்குப் பின்னும் இருவருக்கும் உடைந்த பாய்மரங்களைச் செப்பனிட வேண்டியிருந்தது. நாகப்பட்டினம் போருக்குப் பிறகு ஹியூஸ் சென்னைக்குப் போனார். சுஃப்ரென் கடலூருக்குப் போய் ஹைதர் அலியைச் சந்தித்தார். ஆகஸ்ட் முதல் நாள் கிளம்பி மட்டக்களப்பு வழியாகத் திருகோணமலையை நோக்கித் திரும்பினார்.

இந்த இரண்டு முடிவுகளில்தான் கோட்டையின் விதி இருந்தது. ஹியூஸ் சென்னையில் நிற்கையில் திருகோணமலையில் இருந்தது ஒரு சிறிய காவற்படை. ஆகஸ்ட் 25 அன்று சுஃப்ரென் வந்தார். மறுநாள் ஆட்களை இறக்கினார். தரைப்பக்கம் பீரங்கி மேடைகளை எழுப்பினார். ஹியூஸ் எந்த நேரத்திலும் வரலாம் என்பதால் அவருக்கு அவசரம். ஆகவே சரணடைந்தால் காவற்படையைச் சென்னைக்கே அனுப்பிவைப்பதாகத் தாராளமான நிபந்தனை கொடுத்தார். மாத முடிவுக்குள் இரண்டு கோட்டைகளும் அவர் கையில். செப்டம்பர் 2 அன்று ஹியூஸ் வந்து பார்த்தபோது இரண்டிலும் பிரெஞ்சுக் கொடி பறந்தது. சில நாள் தாமதத்தில் இந்தியப் பெருங்கடலின் மிகச் சிறந்த துறைமுகம் போயிற்று.

மறுநாள் நடந்த கடற்போரில் வெற்றி யாருக்கும் தெளிவாகக் கிடைக்கவில்லை. சுஃப்ரெனின் தலைமைக் கப்பல் நடுப்பாய்மரத்தை இழந்தது. திரும்பும் வழியில் ‘ஓரியண்ட்’ என்ற இன்னொரு கப்பல் பாறையில் ஏறி அழிந்தது. ஆனால் அடைக்கலம் புக பிரெஞ்சுப் படைக்கு இப்போது துறைமுகம் இருந்தது. ஹியூஸ் சென்னைக்குத் திரும்பி, அக்டோபர்ப் புயலில் சிக்கி, பம்பாய்க்குப் போனார். கடற்போர் வரலாற்றை எழுதிய அமெரிக்கர் ஆல்பிரட் மாஹான் இந்தப் போர்த்தொடரை விரிவாக ஆராய்ந்தார். போரில் சுட்ட குண்டுகளைவிடப் போருக்குப் பிறகு ஒதுங்கக் கிடைத்த இடம் முக்கியம் என்று காட்ட, இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. சமாதான உடன்படிக்கைப்படி துறைமுகம் பின்னர் டச்சுக்காரரிடமே திரும்பியது.

1795-இல் பிரெஞ்சுப் படை நெதர்லாந்தைப் பிடித்ததும், டச்சுக் குடியேற்றங்கள் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போகாமல் தடுக்க ஆங்கிலேயர் முந்தினார்கள். அட்மிரல் ரெய்னியரும் கர்னல் ஸ்டூவர்ட்டும் சென்னையிலிருந்து படையெடுத்து வந்தார்கள். வரும் வழியில் ‘டயோமீட்’ என்ற போர்க்கப்பல் மறைபாறையில் மோதி மூழ்கியது. அந்தப் படையெடுப்பில் அவர்கள் இழந்த பெரிய கப்பலைப் பலிகொண்டது ஒரு பாறையே, கோட்டைப் பீரங்கி அல்ல. மற்றபடி கதை பழையதுதான்: கரையிறக்கம், முற்றுகை, சுவரில் உடைப்பு, ஆகஸ்ட் 26 அன்று சரண். ஓஸ்டன்பர்க் மாத இறுதியில் பணிந்தது. 1803-இல் பெரிய கோட்டைக்கு யார்க் கோமகன் பிரடெரிக்கின் பெயர் வைக்கப்பட்டது. அந்தப் பெயரே இன்றும் நிற்கிறது.

அடுத்த நூறு ஆண்டுகள் எந்த எதிரிப் படையும் திருகோணமலையைத் தாக்கவில்லை. 1817-இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய ஒரு போர்க்கப்பலுக்கு ‘டிரின்கோமலி’ என்று பெயரிட்டார்கள். அது இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, அட்மிரல் சார்லஸ் ஆஸ்டின், 1852-இல் பர்மாப் போரில் நோயுற்று இறந்து திருகோணமலையில் அடக்கமானார். 20-ஆம் நூற்றாண்டு பிறந்ததும், கடற்படையைத் தாய்நாட்டருகே குவிக்க விரும்பிய அட்மிரல் ஃபிஷரின் சிக்கன நடவடிக்கைகளில் தளம் சுருங்கியது.

அது எவ்வளவு ஆபத்தானது என்பதை 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை கண்டது. ஜெர்மானியக் கப்பல் எம்டன் வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, நகரின் பீரங்கிகள் சுடத் தொடங்கியதும் இருளில் மறைந்தது. தனியொரு கப்பல் இரண்டு மாதம் வங்கக் கடலை அச்சத்தில் வைத்திருந்தது. கப்பல்கள் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிய காலம் அது. ஆகவே முதல் உலகப் போருக்குப் பின் திருகோணமலையில் கட்ட முடிவானது சுவர் அல்ல, எண்ணெய்க் குதங்கள். சீனக்குடாவில், காட்டுக்குள் பரப்பி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 டன் கொள்ளும் சுமார் நூறு இரும்புக் குதங்கள் எழுந்தன. பழைய ஓஸ்டன்பர்க் மேட்டில் புதிய கரைப் பீரங்கிகள் நிறுத்தப்பட்டன. கோட்டை காக்கவேண்டிய பொருள் இப்போது எண்ணெய்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. அங்கே 15 அங்குலப் பீரங்கிகள் கடலைக் காத்துநிற்க, ஜப்பானியர் மலாயாக் காடுகள் வழியே வடக்கிலிருந்து வந்தார்கள். அந்தப் பீரங்கிகளைத் திருப்பவே முடியாது என்பது பிறகு கிளம்பிய கட்டுக்கதை. பெரும்பாலானவை திரும்பின, சுடவும் செய்தன. ஆனால் அவற்றிடம் இருந்தவை பெரும்பாலும் கப்பலின் இரும்பைத் துளைக்கும் குண்டுகள். காலாட்படை மேல் அவற்றுக்குப் பயன் குறைவு. திருகோணமலை நான்கு முறை சொன்ன பாடம் சிங்கப்பூரில் பல மடங்கு பெரிதாக நடந்தேறியது.

சிங்கப்பூர் போனதும் பிரிட்டனின் கீழைக் கடற்படைக்கு மிஞ்சியது இலங்கை. ஏப்ரல் 4 அன்று கனடிய விமானி லெனர்ட் பர்ச்சால், ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள் வருவதைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படும் முன் செய்தி அனுப்பினார். அடுத்த நாள், ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு தாக்கப்பட்டது. ‘கார்ன்வால்’, ‘டார்செட்ஷைர்’ என்ற இரு குரூஸர்கள் கடலில் மூழ்கின. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னை மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தார்கள். கடலையே பார்த்திராத சேலம் பகுதிக் குடும்பங்கள்கூட, வீட்டுக்கு வந்துசேர்ந்த உறவினர்கள் வாயிலாகவே போரை அறிந்த மாதம் அது.

ஏப்ரல் 8 மாலை ஜப்பானியப் படை திருகோணமலைக்கு நேர் கிழக்கே தென்பட்டது. அன்றிரவே துறைமுகத்திலிருந்த கப்பல்களுக்கு வெளியேறும்படி உத்தரவு போயிற்று. முந்நூறு ஆண்டுகளாக அடைக்கலம் என்று எந்தத் துறைமுகத்துக்காகப் போரிட்டார்களோ, அதே துறைமுகத்திலிருந்து தப்பி ஓடினால்தான் பிழைக்கலாம் என்றாகிவிட்டது. வான்படைக் காலத்தில் துறைமுகம் என்பது கப்பல்கள் அசையாமல் நிற்கும் இடம். குண்டு போடுபவனுக்கு அதைவிட எளிய இலக்கு இல்லை.

ஏப்ரல் 9 காலை ஏறத்தாழ 130 விமானங்கள் வந்தன. ரேடார் முன்கூட்டியே கண்டுகொண்டதால் சீனக்குடாவிலிருந்து 261-ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன் விமானங்கள் எழுந்து மோதின. அவற்றில் எட்டு வீழ்ந்தன. கப்பல்துறையும் விமானத்தளமும் சேதமாயின. ‘சகாயிங்’ என்ற வணிகக் கப்பல் எரிந்தது. விமானமெதிர்ப்புப் பீரங்கிகள் இடைவிடாமல் சுட்டன. கப்பலைச் சுடுவதற்காக நின்ற கரைப் பீரங்கிகளுக்கு அன்று இலக்கு எதுவும் வரவில்லை. ஜப்பானியக் கப்பல்கள் அவற்றின் எட்டத்துக்குள்ளேயே நெருங்கவில்லை. எண்ணெய்க் குதங்களில் ஒன்று எரிந்து அழிந்தது. ஜப்பானிய விமானம் ஒன்று அதன்மேல் பாய்ந்ததாக அந்த ஊர் சொல்கிறது. உருகிச் சுருண்ட இரும்பு இன்னும் அங்கே கிடக்கிறது.

வெளியேறிய கப்பல்களும் தப்பவில்லை. விமானந்தாங்கிக் கப்பலாகவே முதலில் வரைந்து கட்டப்பட்ட ‘ஹெர்மிஸ்’, தன் விமானங்களைக் கரையில் விட்டுவிட்டு வெறுந்தளத்தோடு தெற்கே போயிருந்தது. திரும்பிவரும்போது மட்டக்களப்புக்கு அப்பால் அதைக் கண்டுபிடித்தார்கள். சில நிமிடங்களில் அது மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த ஆஸ்திரேலியக் கப்பல் ‘வேம்பயர்’ உள்ளிட்ட வேறு சில கப்பல்களும் அன்று போயின. ‘வீட்டா’ என்ற மருத்துவக் கப்பல் பல நூறு பேரைக் கடலிலிருந்து எடுத்துக் காப்பாற்றியது. நகுமோவின் படை கிழக்கே திரும்பிப் போயிற்று. அதன் கப்பல்களில் ஒன்றுகூட மூழ்கவில்லை. பிரிட்டனின் கீழைக் கடற்படையின் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் மொம்பாசாவுக்கு ஒதுங்கியது.

இங்கே இன்னொரு வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். இலங்கையின் கரைப் பீரங்கிகளை இயக்கிய படைகளில் உள்ளூர் இளைஞர்களைக் கொண்ட சிலோன் கேரிசன் ஆர்ட்டிலரி முக்கியமானது. அதே படையின் ஒரு பிரிவு கோகோஸ் தீவில் காவலிருந்தது. 1942 மே மாதம், வெள்ளை அதிகாரியின் நடத்தையாலும் ஆட்சிமீதான கோபத்தாலும் அவர்களில் சிலர் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சி தோற்றது. கிராஷியன் பெர்னாண்டோ உட்பட மூவர் தூக்கிலிடப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் கிளர்ச்சிக்காகக் கொல்லப்பட்ட காமன்வெல்த் படையினர் அவர்கள் மட்டுமே என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பேரரசின் கோட்டைகளைக் காத்துநின்ற உள்ளூர் இளைஞர்கள் யாருக்காகக் காவல் நிற்கிறோம் என்று கேட்டதன் சான்று இது. கோட்டை வரலாறுகள் பெரும்பாலும் இவர்களை ஒதுக்கிவிடுகின்றன.

1944-இல் கடற்படை திரும்பியது. ஏப்ரலில் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ், அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்கள் சுமத்ராவின் சபாங் துறையைத் தாக்கின. துறைமுகத்துக்கு மறுபடியும் வேலை வந்தது. அதைக் காத்தது இப்போதும் கப்பல்களும் விமானங்களும்தான்.

இலங்கை விடுதலை பெற்ற பிறகும் தளம் பிரிட்டனிடமே இருந்தது. 1957 அக்டோபரில்தான் கைமாறியது. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குக் கேடாகத் திருகோணமலையை எந்த நாட்டின் படைக்கும் கொடுப்பதில்லை என்ற உறுதி இடம்பெற்றது. 2022 ஜனவரியில், எஞ்சிய 99 குதங்களைப் பங்கிட்டு மேம்படுத்தும் உடன்பாடு இரு நாடுகளின் எண்ணெய் நிறுவனங்களிடையே கையெழுத்தானது. ஹியூஸும் சுஃப்ரெனும் கண்ட அதே மதிப்பு இன்றும் அந்த நீருக்கு இருக்கிறது. கேட்பவர்களின் பெயர்கள்தான் மாறியிருக்கின்றன.

பிரடெரிக் கோட்டைக்குள் இன்று இலங்கைப் படை முகாம் இருக்கிறது. ஓஸ்டன்பர்க் மேடு கடற்படைத் தளத்துக்குள் அடங்கியிருக்கிறது. மலையுச்சியில் கோணேசர் கோயில் மறுபடி எழுந்து 1963-இல் குடமுழுக்குக் கண்டது. அடியார்கள் படைக் காவலைத் தாண்டித்தான் மேலே ஏறுகிறார்கள். திருகோணமலையைப் பற்றித் தமிழில் நாம் எழுதியவற்றில் பெரும்பகுதி கோயில் பற்றியது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி கடற்படை பற்றியது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் ஆய்வு நமக்கு வேண்டும். 1942 ஏப்ரலில் அந்த ஊரில் குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டிய முதியவர்கள். கப்பல்துறையிலும் எண்ணெய்க் குதங்களிலும் கூலிவேலை பார்த்த குடும்பங்களின் நினைவுகளைத் தமிழிலேயே பதிவு செய்ய இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன. அங்குள்ள பல்கலைக்கழகங்களும் இங்குள்ள வரலாற்றுத் துறைகளும் அந்த வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.